அமெரிக்கக் கால்பந்து லீக்குக்கு 27 வயதில் ஒரு பெரிய ஆட்டக்காரன் வருவானா? (வஞ்சிரம் பந்தயம்)

உப்பளம் ஜெர்சிக்கடை:

வணக்கம். புதுச்சேரி உப்பளத்தில், இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜெர்சிக்கடை வைத்திருக்கிறேன். துணி திருப்பூரிலிருந்து வரும், பேரும் நம்பரும் அடிப்பது நாங்கள். வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் பசங்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை. யார் பெயர் முதுகில் ஏறுகிறது, யார் பெயர் இறங்குகிறது என்று இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்தத் தைரியத்தில் ஒரு பந்தயம் கட்டிவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பந்தயம் என் மச்சானோடு. வீட்டுக்காரியின் தம்பி, பாரிஸுக்கு வெளியே குடியிருக்கிறான். இந்த 2026 பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அமெரிக்காவின் எம்.எல்.எஸ். கால்பந்து லீக்கில் மெஸ்ஸியின் இன்டர் மயாமி ஆட்டம் பார்ப்பதை அவன் அக்கா போட்டுக்கொடுத்துவிட்டாள். (அங்கே அப்போது சனிக்கிழமை இரவு 7:30.) அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "மாமா, அது லீக் இல்ல, பென்ஷன் ஆபீஸ்" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கிண்டல் முழுசாகப் புரியாது. எங்கள் ஊரில் 'சொல்தா' என்று சொல்லப்படும் மாமாக்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, மாடி வீடு கட்டி, சாயங்காலமானால் பெத்தாங் குண்டு போட்டு விளையாடுவார்கள். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவிடத்துக்கு வருவார்கள். மெஸ்ஸியும் அப்படித்தானாம். உழைத்தது பார்சிலோனாவில், ஈஸிசேர் போட்டிருப்பது மயாமியில். என் மாமனாரே சொல்தா என்பதாலும், அவர் அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஐரோப்பாவிலிருந்து அங்கே போன நட்சத்திரங்களின் வயதை ரேஷன் கார்டில் எழுதுகிற மாதிரி அடுக்கினான். 2010இல் ஆன்ரி வந்தபோது 32. 2015இல் ஜெரார்டு 35, பிர்லோ 36, லாம்பார்ட் 37. 2018இல் இப்ராகிமோவிச் 36. 2023இல் மெஸ்ஸி 36. போன ஆகஸ்டில் வான்கூவருக்குப் போன தாமஸ் முல்லர் 35. நான் டி பாலைச் சொன்னேன். அர்ஜென்டினாவுக்கு உலகக்கோப்பை வாங்கிக்கொடுத்தவர்களில் ஒருவர், போன ஜூலையில் மயாமிக்கு வந்தபோது 31தான். "31ம் பென்ஷன்தான் மாமா, கொஞ்சம் முன்கூட்டியே வாங்கின பென்ஷன்" என்றான். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலன் தோர் விருதை, 2023இல் மெஸ்ஸி மயாமி ஆட்டக்காரராகத்தானே வாங்கினார் என்றேன். "அது கத்தார்ல ஆடினதுக்குக் குடுத்தது" என்றான். அதுவும் சரிதான். ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தில் கட்டிய பந்தயம் இது: பாலன் தோர் விருதுக்கான முப்பது பேர் பட்டியலில் ஒருமுறையாவது இடம்பிடித்த ஒருவன், 28 வயது நிறைவதற்குள், ஐரோப்பாவை விட்டு அமெரிக்க லீக்கில் கையெழுத்துப் போட வேண்டும். கெடு 2030 டிசம்பர் 31. தோற்றவன் இரண்டு குடும்பத்துக்கும் வஞ்சிரம் வாங்கி ஆக்கிப் போட வேண்டும். சின்னத் துண்டு செல்லாது.

பணம் அங்கே கொட்டிக் கிடக்கிறது. இந்த ஜூன் 11 முதல் உலகக்கோப்பையே அங்கேதான், கனடாவும் மெக்சிகோவும் கூட்டு. ஊர் நன்றாக இருக்கிறது, தெருவில் யாரும் துரத்த மாட்டார்கள். பிறகு ஏன் உச்சத்தில் இருக்கும் ஒருவன் வருவதில்லை? வருவான் என்பதற்கு ஏதாவது அறிகுறி இருக்கிறதா? என் கடையில் ஓடும் அமெரிக்க ஜெர்சி ஒன்றே ஒன்று, இளஞ்சிவப்பில் மெஸ்ஸி 10. வேறு எந்த டீம், எந்தப் பெயர் கேட்டும் இதுவரை ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்கு உள்ளுக்குள் உதைக்கிறது.

மஞ்சக்குப்பம் பி.டி. வாத்தியார்:

தம்பி, நீங்கள் கேட்பது புதுக் கேள்வி இல்லை. உங்கள் 28 வயது நிபந்தனையை மட்டும் தள்ளி வைத்தால் 1977லேயே இதற்குப் பதில் வந்துவிட்டது.

பெக்கன்பவர் நியூயார்க் காஸ்மோஸுக்குப் போனபோது வயது 31. கையில் 1976ஆம் ஆண்டின் பாலன் தோர் இருந்தது. அதாவது ஐரோப்பாவின் நடப்புச் சிறந்த ஆட்டக்காரர், பயர்ன் மியூனிக்கை விட்டுவிட்டு, அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். ஓய்வு எடுக்கப் போனவர் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஜெர்மனி திரும்பி ஹாம்பர்க்குக்கு ஆடியவர். அதற்கு முந்தைய வருடம் லாட்சியோவிலிருந்து கினாலியா வந்தார், அவருக்கு 29. இப்போது நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அந்த டீமை நாங்கள் கிட்டத்தட்டப் பார்த்தோம் என்றே சொல்லுவேன். 1977 செப்டம்பர் 24, கல்கத்தா ஈடன் கார்டன். மோகன் பகானோடு காஸ்மோஸ், 2-2. பெலே ஆடினார். எனக்கு அப்போது 17. மறுநாள் பேப்பர் வரும்வரை மஞ்சக்குப்பத்தில் வாசகசாலை வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். படத்தில் பெலேயின் கால் தெரியாத அளவுக்குச் சேறு. நம் ஊர் மைதானம் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 1, நியூயார்க் பக்கத்தில் பெலே கடைசி ஆட்டம் ஆடி முடித்துவிட்டார்.

அந்த ஆகஸ்டில் காஸ்மோஸின் ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். அமெரிக்காவில், கால்பந்துக்கு! உடனே மற்ற டீம்களுக்குக் கை அரித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கிராய்ஃபைக் கொண்டுவந்தது, ஃபோர்ட் லாடர்டேல் கெர்ட் முல்லரைக் கொண்டுவந்தது. டீம்களின் எண்ணிக்கை 24 ஆனது. காஸ்மோஸுக்குப் பின்னால் வார்னர் கம்பெனி இருந்தது. மற்றவர்களுக்குப் பின்னால் அவ்வளவு பணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பெண்ணுக்கு நூறு பவுன் போட்டான் என்று கடன் வாங்கிப் போட்ட கதைதான். 1984 சீசனோடு லீக்கையே இழுத்து மூடினார்கள்.

இப்போது இருக்கிற எம்.எல்.எஸ். 1996இல் பத்து டீமோடு தொடங்கியது. அந்தப் பழைய திவாலைப் பார்த்துப் பயந்தவர்கள் கட்டிய வீடு இது. அதனால்தான் ஆட்டக்காரன் கிளப்போடு ஒப்பந்தம் போடுவதில்லை, லீக்கோடு போடுகிறான். சம்பளத்துக்கு உச்சவரம்பும் அதனால்தான். நட்சத்திரம் வருவானா என்பதைவிட, வந்தால் வீடு தாங்குமா என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. உங்கள் மச்சான் சொல்லும் 'பென்ஷன்' அந்தக் கவலையில் பிறந்தது.

நெய்வேலி கீப்பர்:

பந்தயத்தில் சவூதியை மறந்துவிட்டீர்கள் அண்ணா. 2022 கடைசியில் ரொனால்டோ, 2023இல் பென்சிமா, காந்தே, நெய்மர் என்று எல்லாம் அங்கே போனது. பணத்துக்காக ஐரோப்பாவை விடுகிறவன் அதிகம் தருகிற இடத்துக்குப் போவான், அமெரிக்காவுக்கு ஏன் வர வேண்டும்? அமெரிக்காவிலோ ஒவ்வொரு டீமுக்கும் சம்பள வரம்பும் உண்டு. இப்போதே வஞ்சிரத்துக்குச் சீட்டுக் கட்டத் தொடங்குங்கள்.

உப்பளம் ஜெர்சிக்கடை:

வாத்தியார் ஐயா, கும்பிடுகிறேன். பெக்கன்பவர் விஷயம் எனக்குத் தெரியாது. மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

'வீடு தாங்குமா' என்றீர்களே, அதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. பொங்கல் டோர்னமென்ட் என்றால் இங்கே ஒவ்வொரு ஊர் டீமும் கெஸ்ட் பிளேயர் பிடிக்கும். சென்னையிலிருந்து வருவான், கேரளத்திலிருந்து வருவான். பஸ் செலவு, பிரியாணி, கையில் ஒரு தொகை. சில வருடங்களுக்கு முன்னால் நான் ஜெர்சி அடித்துக் கொடுத்த ஒரு டீம் இப்படி ஒரு ஃபார்வர்டைக் கொண்டுவந்தது. பெயர், ஊர் வேண்டாம். செமிஃபைனலில் மூன்று கோல் போட்டான். ஊரே தூக்கிக்கொண்டு ஆடியது. ஆனால் நான் பார்த்தது வேறு. எங்கள் பசங்கள் பத்துப் பேரும் பந்து கிடைத்ததும் அவனைத் தேடினார்களே தவிர, ஓடவில்லை. வேடிக்கை பார்க்க டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஃபைனலில் எதிர் டீம் அவன் மேல் இரண்டு பேரைப் போட்டது, முடிந்தது கதை. மறு வருடம் அவனே எதிர் டீமுக்கு ஆடினான். அந்தப் பெயர் அடித்த ஜெர்சி இரண்டு இன்னும் கடையில் கிடக்கிறது.

ஞாயிறு காலையில் மயாமி ஆட்டம் பார்க்கும்போது பல நேரம் எனக்கு அந்த செமிஃபைனல்தான் ஞாபகம் வரும். மெஸ்ஸி பந்தைக் கொடுத்துவிட்டு ஓடி இடம் பிடிப்பார், பந்து திரும்பி வராது. அதனால்தான் அவரே புஸ்கெட்ஸ், ஆல்பா, சுவாரெஸ் என்று பழைய கூட்டாளிகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பந்தைத் திருப்பித் தருகிற ஆள் வேண்டாமா?

நெய்வேலித் தம்பி, சீட்டு ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அது மகள் காலேஜுக்கு.

ரெட்டியார்பாளையம்–அட்லாண்டா:

அண்ணா, நான் ரெட்டியார்பாளையத்துப் பெண். பத்து வருடத்துக்கு மேலாக அட்லாண்டாவில் இருக்கிறேன். கிரிக்கெட் வீட்டில் பிறந்தவள், கால்பந்து கற்றுக்கொண்டது இங்கே, என் பையனால்.

நீங்கள் சொன்ன 'பந்து திரும்பி வராது' என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2025இல் ஒரு டீமின் சம்பள வரம்பு 60 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பாவில் பெரிய கிளப்பில் ஒரே ஒரு முன்னணி ஆட்டக்காரருக்கே அது காணாது. இங்கே அதை ஒரு டீமுக்கே நீட்ட வேண்டும். மூன்று பேருக்கு மட்டும் விலக்கு. அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஒரு பகுதிதான் வரம்பில் சேரும். 2007இல் பெக்காம் வந்தபோது அவருக்காக வந்த விதி, அவர் பெயராலேயே சொல்லுவார்கள். அப்புறம் இளைஞர்களுக்கு ஒரு சலுகை, வேறு சில நிதிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. என் வருமான வரிக் கணக்கு அதைவிட எளிது. ஆக, மெஸ்ஸிக்கு வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல், அவர் பக்கத்தில் ஓடுகிற பையனுக்கு ஒரு லட்சம் டாலர் அளவில் என்பது இங்கே சகஜம்.

இதை நான் நேரில் பார்த்தது போன வருடம் ஜூன் 29. கிளப் உலகக்கோப்பை, எங்கள் ஊர் மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம், பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி.க்கு எதிராக மயாமி. இடைவேளைக்கே 4-0. அரங்கு முழுக்க இளஞ்சிவப்பு ஜெர்சி, உங்கள் கடைச் சரக்கு மாதிரி. மெஸ்ஸி ஒன்றும் மோசமாக ஆடவில்லை. ஆனால் பி.எஸ்.ஜி. பையன்கள் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அடுத்தவன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தான். பத்து நாள் முன்னால் இதே அரங்கில் இதே மயாமி போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பை 2-1 என்று ஜெயித்தது, மெஸ்ஸியின் ஃப்ரீகிக்கில். ஒரு நாள் ஜெயிக்கலாம். அடுத்த படியில் மாட்டிக்கொள்கிறது.

ஆனால் உங்கள் மச்சானும் ஒரு விஷயத்தைப் பார்க்கவில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் கிழவர்கள் இல்லை. எங்கள் அட்லாண்டா டீம் அல்மிரோனைப் பராகுவேயிலிருந்து, இல்லை இல்லை, அவர் பராகுவேக்காரர், வாங்கியது அர்ஜென்டினாவின் லானூஸ் கிளப்பிலிருந்து, 22 வயதில். 2018இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த ஃபைனலுக்கு 73,019 பேர், அதில் கர்ப்பிணியாக நானும் ஒருத்தி. அடுத்த மாதமே இங்கிலாந்தில் நியூகாசிலுக்குப் போய்விட்டார். அடுத்து அல்மாடா, 20 வயதில் வந்தார். 2022இல் அர்ஜென்டினா உலகக்கோப்பை வாங்கியபோது அவர் எங்கள் டீம் ஆட்டக்காரர், அதுவரை எம்.எல்.எஸ்.ஸில் ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கும் அது வாய்த்ததில்லை. அவரும் போய்விட்டார். வான்கூவர் டீமில் உருவான அல்போன்சோ டேவிஸ் பயர்னுக்குப் போனது எல்லாருக்கும் தெரியும்.

இது நம் ஊர் திண்டிவனம் மாதிரி அண்ணா. பாண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற பஸ்ஸும் நிற்கும், சென்னையிலிருந்து திரும்புகிற பஸ்ஸும் நிற்கும். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், டீ குடிக்கிறவர்கள் எல்லாம் உண்டு. சென்னையில் வேலை கிடைத்தவன் மட்டும் அங்கே இறங்கித் தங்க மாட்டான்.

இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. 2015இல் ஜொவின்கோ யுவென்டஸை விட்டு டொராண்டோவுக்கு வந்தபோது வயது 28. வந்த வருடமே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். ஆனால் அவர் யுவென்டஸில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர், உங்கள் முப்பது பேர் பட்டியலில் இருந்தவர் இல்லை. அதே டொராண்டோ 2022இல் நாப்போலியிலிருந்து இன்சீன்யேவைக் கொட்டிக் கொடுத்து அழைத்தது. போன ஜூலையில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டது.

திண்டிவனத்துக்காரன்:

டீ குடிக்கத்தான் லாயக்கு என்று நினைத்தீர்களா அக்கா? இங்கேயும் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கால்பந்து பற்றி எனக்கு எதுவும் தெரியாது, வந்ததற்கு இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மச்சான் (பாரிஸ் பக்கம்):

மாமா இந்தத் திரியின் இணைப்பை அனுப்பினார். என்னைப் பற்றி எழுதியது எல்லாம் ஏறக்குறைய உண்மை. 2022 ஃபைனலில் எம்பாப்பே மூன்று கோல் போட்டும் பிரான்ஸ் தோற்றபோது மாமா வீட்டில் பாயசம் வைத்தார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். அந்தக் கணக்கு தனியே இருக்கிறது.

நான் பணம் பற்றிப் பேசவே இல்லை. செவ்வாய், புதன் இரவு பற்றிப் பேசுகிறேன். ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இரவு என்றால் இங்கே நான் வேலை செய்கிற கிடங்கில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள அடிதடி நடக்கும். போன வருடம் மே 31, பி.எஸ்.ஜி. இன்டர் மிலானை 5-0 அடித்த இரவு, விடியும்வரை நான் தூங்கவில்லை. 25 வயதுப் பையன் ஒருவன் இதில் ஆடுவதற்காகத்தான் பத்து வயதிலிருந்து வீட்டை விட்டு அகாடமியில் கிடக்கிறான். அவனிடம் போய் மயாமியில் கடல் பார்த்த வீடு என்றால்? கடல் இருக்கிறது என்று யாராவது வைத்திக்குப்பத்துக்கு வேலைக்கு வருவார்களா?

இன்னொன்று, மாமா கடைக்காரர் என்பதால் புரியும். லோரிஸும் ஜிரூவும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள். லோரிஸ் பிரான்ஸ் நீல ஜெர்சியைக் கழற்றியது 2023 தொடக்கத்தில், அந்த வருடக் கடைசியில்தான் அங்கே கையெழுத்து. ஜிரூவுக்கு 2024 யூரோ கோப்பை கடைசி, அது முடிந்துதான் போய்ச் சேர்ந்தார். ஒரு வருடத்தில் திரும்பி வந்து இங்கே லீல் கிளப்பில் ஆடினார் என்பது வேறு. நீல ஜெர்சி உடம்பில் இருக்கும்வரை போகவில்லை, அதைப் பாருங்கள்.

அங்கே போகிறவர்கள் எல்லாரும் கிழவர்கள் இல்லை என்று அட்லாண்டா அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். உதாரணம் புவாங்கா. பிரான்ஸில் லே மான் நகரில் பிறந்தவர், காபோனுக்கு ஆடுகிறார். சாந்த்-எத்தியேன் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அவரை வாங்கியது. இங்கே ஒருவரும் வருத்தப்படவில்லை. அங்கே 2023இல் அவர்தான் அதிக கோல். இன்றைக்குத் திரும்பி வந்தால் இங்கே பாதி கிளப் கதவைத் திறக்கும். ஆக, அந்த லீக் ஆட்டக்காரனை உருவாக்குகிறது, அது தெரிகிறது. உச்சத்தில் இருப்பவனை இழுக்கிறதா என்பதுதான் பந்தயம். வஞ்சிரம் எனக்கு.

உப்பளம் ஜெர்சிக்கடை:

மச்சான், பாயசம் வைத்தது உன் அக்கா, அதுவும் வெள்ளிக்கிழமை விரதப் பாயசம் மிஞ்சியது. ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் எப்படி வந்தது என்று கேட்காதே.

நீல ஜெர்சி விஷயம் குத்தத்தான் செய்தது. ஆனால் அது பிரான்ஸ் கதை. மெஸ்ஸியையும் டி பாலையும் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி மயாமியிலிருந்துதான் தேசிய அணிக்குக் கூப்பிடுகிறார். சன் ஹியுங்-மின் போன ஆகஸ்டில் டாட்டன்ஹாமை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த பிறகும் கொரியா கேப்டன் அவர்தான். அர்ஜென்டினாக்காரனுக்கும் கொரியாக்காரனுக்கும் போகாத மானம் பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் போகிறதா?

சரி, மூன்று நாளாகக் கடையில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எம்பாப்பே மாதிரி ஒருவன் 27 வயதில் தனியாக அங்கே வர மாட்டான். நான் தோற்பேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மட்டும் ராஜ சம்பளம் என்கிற விதி இருக்கும்வரை அது கெஸ்ட் பிளேயர் கணக்குதான். கெஸ்டாகப் போக இஷ்டப்படுகிறவன் ஆடி முடித்தவனாகத்தான் இருப்பான். 2024இல் மயாமி லீக் வரலாற்றிலேயே அதிகமாக 74 புள்ளி எடுத்தது. கோப்பைக்கான பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே, அட்லாண்டா அக்காவின் டீமே வீட்டுக்கு அனுப்பியது. அக்கா பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்த வரம்பை அவர்கள் உயர்த்தினால், மூன்றை ஏழெட்டு ஆக்கினால் கதை வேறு. வாத்தியார் ஐயா சொன்ன பயம் இன்னும் இருக்கிறதுதான். ஆனால் பெக்காமுக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு புது டீமை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை கொடுத்தார்கள், அதுதான் பிறகு மயாமி ஆனது. 2023இல் சான் டியாகோ உள்ளே வர 50 கோடி கட்டியிருக்கிறது. இருபது மடங்கு. இப்படி விலை ஏறின வீட்டுக்காரன் இன்னும் எத்தனை நாள் திவால் பயத்தில் பழைய பாயைப் போட்டுக்கொண்டு படுப்பான்? 2027இலிருந்து சீசனையும் ஐரோப்பா மாதிரி ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிக்கப் போகிறார்கள். இதுவரை பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்ததால், ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்து வருகிறவன் இங்கே பாதி சீசனில் வந்து இறங்க வேண்டியிருந்தது. மெஸ்ஸி வந்ததே ஜூலையில், மயாமி கடைசி இடத்தில் கிடந்தபோது. அந்த ஒரு தடையாவது போகிறது.

ரெட்டியார்பாளையம்–அட்லாண்டா:

அந்த 74 புள்ளி விஷயத்தைப் பெருந்தன்மையால் விடவில்லை அண்ணா. போன சீசனில் நாங்கள் அடிமட்டத்தில் முடித்தோம், அதுவும் 2.2 கோடி டாலர் கொடுத்து மிடில்ஸ்ப்ரோவிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கிவிட்டு. வாயைத் திறந்தால் யாராவது அதைக் கேட்பார்களே என்றுதான்.

அல்மிரோனும் போன வருடம் திரும்பி வந்துவிட்டார். திண்டிவனத்தில் மறுபடி பஸ் நின்றது. (மன்னிக்கவும், திண்டிவனத்துக்காரரே.)

மஞ்சக்குப்பம் பி.டி. வாத்தியார்:

வரம்பை உயர்த்த வேண்டும் என்பது சுலபமாகத் தோன்றும். 30 டீம் முதலாளிகளில் நான்கைந்து பேருக்குத்தான் அந்த ஆசை இருக்கும். மற்றவர்களுக்கு இப்போது இருக்கிற விதியில் டீமின் விலை தானாக ஏறுகிறது, கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் ஆபத்தும் கிடையாது. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த வருடம் அதே லீக். எதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாஸ் என்று சொல்லிவிட்டால் எத்தனை பேர் ராத்திரி கண் விழித்துப் படிப்பார்கள்? 34 வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

இருந்தாலும் தம்பி, உங்கள் மச்சானுக்கு நீங்கள் போடப்போகும் வஞ்சிரத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். கடலூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

உப்பளம் ஜெர்சிக்கடை:

ஐயா, நீங்கள் தாராளமாக வாருங்கள். 2030க்குள் வஞ்சிரம் கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதுதான் எனக்கு இப்போது எம்பாப்பேயைவிடப் பெரிய கவலை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்தான், எங்கள் வழக்கமான டீமில் லெஃப்ட் பேக். "அண்ணா, கறுப்புல தங்கக் கலர் எழுத்து, சன் 7, அடிச்சுத் தர முடியுமா?" என்றான். லாஸ் ஏஞ்சல்ஸ் ஜெர்சி! எனக்குக் கை கால் ஓடவில்லை. இருபது வருடத்தில் மெஸ்ஸியைத் தவிர ஒரு அமெரிக்க லீக் ஆட்டக்காரனின் பெயர் என் கடைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. மச்சானுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துக்கொண்டே, "ஆட்டமெல்லாம் பார்க்கிறாயா தம்பி?" என்றேன்.

"எனக்கில்லண்ணா, எங்க அக்காவுக்கு. அது கொரியன் சீரியலா பார்த்துத் தள்ளுது. இவரு கொரியாக்காரராமே, ஆளு நல்லா இருக்காருன்னு கேட்டுச்சு" என்றான்.

கறுப்புத் துணி கடையில் இருக்கிறது. தங்க வினைல்தான் இல்லை, சென்னைக்குச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வரும்.